தள புராணம்

கோயிலுக்குத் தல புராணம் இருக்கும்போது இணையதளத்துக்கு ஒரு தள புராணம் இருந்தால் என்ன? யுகங்கள் நான்கு. ஆனால் முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

கிருத யுகம்: 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் டாட் காம் என்ற முதல் டாட் காம் அவதரித்தது. பெயர் வேண்டுமா? கேட்டால் போதும், காசு கிடையாது. தர்மம் நாலு காலில் நின்றது. 1995 செப்டம்பரில், பெயர்களைப் பதிந்து தந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கம்பெனி, இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று உண்டியல் வைத்தது. வாடகை என்று வந்தால் பாக்கி என்றும் ஒன்று வருமே!

திரேதா யுகம்: 1999 கிறிஸ்துமஸ் சமயம். பில் கேட்ஸின் மைக்ரோசாப்ட், பாஸ்போர்ட் டாட் காமுக்கு 35 டாலர் கட்ட மறந்துவிட்டது. ஹாட்மெயிலுக்கு வாசற்படியே அந்தப் பெயர்தான். ஜனம் வெளியே நின்று கதவைத் தட்டியது. கடைசியில் கிரெடிட் கார்டை எடுத்துப் பாக்கியைக் கட்டியவர், எதிர்முகாமான லினக்ஸ் புரோகிராமர் ஒருவர். ராவணன் வீட்டு கரண்ட் பில்லை அனுமன் கட்டிய மாதிரி. நன்றிக்கடனாக மைக்ரோசாப்ட் 500 டாலருக்குச் செக் அனுப்பியது. அவர் அந்தச் செக்கையே ஈபேயில் ஏலம் விட்டார்.

துவாபர யுகம்: காலாவதியான பெயர்களை ஏலம் விடும் கடைகள் பெருத்தன. ஸ்னாப்நேம்ஸ் அதில் பெரிய கடை. அங்கே ‘ஹால்வாரெஸ்’ என்றொருவர் 2005 முதல் சளைக்காமல் ஏலம் கேட்டார். நீங்கள் 500 என்றால் அவர் 550. 2009 நவம்பரில் கம்பெனியே வாயைத் திறந்தது: ஹால்வாரெஸ் வேறு யாருமில்லை, எங்கள் உயரதிகாரிதான். ‘ஒருதரம், ரெண்டுதரம்’ என்று கூவுகிற கடையின் ஆளே முண்டாசு கட்டிக்கொண்டு கூட்டத்தில் கை தூக்கியிருக்கிறார்! சுமார் 5 சதவீத ஏலங்களில் அவர் கை இருந்தது. ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு 5.22 சதவீத வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் புள்ளி இரண்டு இரண்டில்தான் மனசாட்சி ஒளிந்திருந்தது போலும்.

கலி யுகம்: திருட வேண்டிய அவசியமே போய்விட்டது. கெடு தாண்டி நீக்கப்பட்ட பெயரை மீட்க உரிமையாளருக்கு 30 நாள், அதற்குமேல் 5 நாள் காத்திருப்பு, பிறகு விடுதலை. அந்த நொடியில் எந்த ரிஜிஸ்ட்ராரின், அதாவது பெயர் பதிந்து தரும் கம்பெனியின், மனு முதலில் போய்ச் சேருகிறதோ, பெயர் அவருக்கு. எல்லா ரிஜிஸ்ட்ராருக்கும் சம வாய்ப்பு, நியாயம்தானே? விடுதலையாகும் பெயர்களைப் பிடித்து விற்கும் டிராப்கேட்ச் கம்பெனிக்காரர்கள் யோசித்தார்கள்: ஆளுக்கு ஒரு வாய்ப்பு என்றால், நாமே 500 ஆளாகிவிட்டால்? 2016இல் புதிதாக 500 ரிஜிஸ்ட்ரார் கம்பெனிகள் பிறந்தன. பெயர் விற்கிறவர்களுக்குப் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கத்தான் சோம்பல். வெறும் நம்பர் போட்டு நிறுத்திக்கொண்டார்கள். ரேஷன் கடை வரிசையில் கல்லையும் பையையும் செருப்பையும் வைத்து இடம் பிடிப்போமே, அதேதான். என்ன, இங்கே ஒரு ஜோடி செருப்புக்கு ஆண்டுக் கட்டணம் 4,000 டாலர்.

பலசுருதி: துவாபரத்தில் திருடியவராவது பிடிபட்டார். கலியில் பிடிக்க ஒன்றுமில்லை, எல்லாம் விதிப்படி நடக்கிறது. நியாயத்தை நம்பிப் பெயரை விட்டுவைக்காதீர்கள். ஆட்டோ ரெனியூவலைப் போடுங்கள். அப்படியே கார்டு காலாவதியாகும் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.