உத்தரவாதம் உண்டு, ஒழுங்காக வைத்துக்கொண்டால்

கணப்புக்கு மேல் வைக்கும் பழைய மேன்டல் கடிகாரம் விற்பவர் எடுத்த எடுப்பில் விலை சொல்லமாட்டார். "ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்பார். நேற்று முளைத்த தந்திரமல்ல இது. ஹாலிபர்ட்டன் என்ற நோவா ஸ்கோஷியாக்காரர் 1836-இல் வெளியிட்ட நூலில், சாம் ஸ்லிக் என்ற நாடோடி வியாபாரி செய்வதும் இதையேதான். "நான் திரும்பி வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்" என்று கடிகாரத்தை ஒரு வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். நாலு நாள் மணியோசை கேட்டுவிட்ட குடும்பம் அதைத் திருப்பித் தராது என்பது அவன் கணக்கு. என் விஷயத்திலும் அந்தக் கணக்கு பிசகவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் எங்கள் வீட்டுக் கணப்புக்கு மேலுள்ள பலகையில் இப்போது ஒரு ஊதுபத்தி ஸ்டாண்டுக்குக்கூட இடமில்லை.

இந்தக் கடிகாரங்களுக்குச் சொந்த ஊரே கனெக்டிகட்தான். 1807-வாக்கில் ஈலை டெர்ரி என்பவர், மூன்று வருடத்தில் 4,000 மரச்சக்கரக் கடிகாரங்கள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். முதல் வருடம் முழுக்கத் தண்ணீரால் ஓடும் இயந்திரங்களைப் பொருத்துவதிலேயே போயிற்று. எங்கள் ஆபீஸாக இருந்தால் இரண்டாவது மாதமே சீட்டைக் கிழித்திருப்பார்கள். அவரோ சொன்ன எண்ணிக்கையைச் சொன்ன கெடுவுக்குள் முடித்துக் கொடுத்தார். அவரிடம் தச்சு வேலை பார்த்த சேத் தாமஸ் பின்னால் தனிக்கடை போட்டு, பின்னாளில் ஊருக்கே 'தாமஸ்டன்' என்று பெயர் வரும் அளவுக்கு வளர்ந்தார்.

எனக்குப் பிடித்தவர் சான்சி ஜெரோம். மரச்சக்கரம் கடல் ஈரத்தில் ஊதிவிடும். இவர் மலிவான பித்தளைச் சக்கரத்துக்கு மாறி, 1842-இல் இங்கிலாந்துக்கே சரக்கு அனுப்பினார். இவ்வளவு மலிவாக ஒரு கடிகாரமா, வரி ஏய்க்கத்தான் விலையைக் குறைத்துக் காட்டியிருக்கிறான் என்று நினைத்த சுங்க அதிகாரிகள், சட்டப்படி அவர் காட்டிய விலைக்கு மேல் பத்து சதவீதம் போட்டுக் கொடுத்து மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அலையாமல் திரியாமல் ரொக்கம்! அடுத்த கப்பலில் இன்னும் அதிகமாக அனுப்பினார். அதற்கும் காசு வந்தது. மூன்றாவது முறைதான் சர்க்காருக்கு உறைத்தது.

என்னிடம் இருப்பதிலேயே கம்பீரமானது சேத் தாமஸ் கம்பெனியின் 'அடமன்டைன்'. பார்த்தால் கறுப்புப் பளிங்கு, தூக்கினால் மரப்பெட்டி. மேலே ஒட்டியிருப்பது செல்லுலாய்டு. அதாவது வெடிப்பஞ்சு இனத்து ரசாயனத்தில் கற்பூரம் கலந்து செய்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவிடம் இதைப் பெருமையாக விளக்கினேன். "கற்பூரத்தைக் கொண்டுபோய் அடுப்புக்கு மேல வெச்சிருக்கானா?" என்றாள். குளிரானாலும் எங்கள் வீட்டில் கணப்பு மூட்டுவதில்லை.

அம்மாவுக்கு வேறொரு குறையும் உண்டு. என் ஜெரோம் கடிகாரம் போன்ற சில பழைய இயந்திரங்களில் மணி அடிப்பதற்கென்று விளிம்பில் வெட்டுகள் உள்ள தனிச் சக்கரம் ஒன்று இருக்கும். முள் எங்கே நிற்கிறது என்று அது பார்க்காது. போன தடவை ஐந்து அடித்தோமா, இப்போது ஆறு, அவ்வளவுதான். நடுவில் யாராவது முள்ளைத் திருப்பிவிட்டால் முள் மூன்றில் நிற்க, மணி எட்டு அடிக்கும். உள்ளே ஒரு கம்பியைத் தூக்கித் தூக்கிவிட்டு, சரியான எண் வரும்வரை அடிக்கவிட வேண்டும். "இதை நம்பி எப்படிடா ராகு காலம் பார்க்கிறது?" என்பது அம்மாவின் கேள்வி.

சுங்கத்தையே அசரவைத்த ஜெரோமின் கம்பெனி, காட்சிசாலை நடத்திய பி.டி. பார்னமோடு சேர்ந்தபின் 1856-இல் திவாலானது. அவன்தான் என்னைக் கெடுத்தான் என்று ஜெரோம் எழுதினார். இவர்தான் என்னைக் கெடுத்தார் என்று பார்னம் எழுதினார். ஊரை ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்ட பார்னம் ஒரு கடிகாரக்காரரிடம் ஏமாந்தார் என்பதை நம்பத்தான் எனக்கு ஆசை.

ஜெரோம் கடிகாரத்தின் கதவைத் திறந்தால் உள்ளே பழுப்பேறிய காகிதம் ஒன்று ஒட்டியிருக்கிறது: ஒழுங்காக உபயோகித்தால் உத்தரவாதம் உண்டாம். எழுத்துக் கூட்டிப் படித்த அம்மா, "அப்போ அந்த மணியைச் சரிபண்ணச் சொல்லி அவங்களுக்கு ஒரு போன் போடேன்" என்கிறாள்.