கண்டி வீதிப் பக்கம் சுங்கம் கேக்கிற தம்பிக்கு

தம்பி, கனடாவிலையிருந்து வந்த களை ஆறமுதல் உந்த றோட்டுக் கதையைத் தொடங்கிவிட்டீர். யாழ்ப்பாணத்துக்கு அதிவேகப்பாதை வேணும், அரசாங்கத்திட்டைக் காசில்லை, தனியாரைச் சேர்த்துக் கட்டிப்போட்டு ஓடுறவையிட்டை அறவிட்டால் சரி எண்டுறீர். நல்ல யோசினை. எனக்கென்ன, என்னட்டை இருக்கிறது சைக்கிள். அதிவேகப்பாதையிலை மோட்டச்சைக்கிளும் ஓட்டோவுமே விடமாட்டினம். நாங்கள் வேலிக்கு இஞ்சாலை நிண்டு கை காட்டலாம்.

உங்கடை ரொறன்ரோவிலை 407 எண்டொரு றோட்டு இருக்கல்லோ? ஒன்ராறியோ அரசாங்கம் அதை 1999இலை ஏறக்குறைய 310 கோடி டொலருக்கு, 99 வருசக் குத்தகைக்குக் குடுத்தது. கட்டணத்தைக் கூட்டுறது இப்ப கொம்பனியின்ரை விருப்பம். மாமரத்தைக் குத்தகைக்கு விட்டவர் தன்ரை முத்தத்திலை விழுந்த பழத்தையும் கேட்டுத்தான் பொறுக்கவேணும். நீரும் காசு கட்டத் தேவையில்லாத 401 றோட்டிலை நெரிசலுக்குள்ளை நிண்டு மிச்சம் பிடிச்ச காசிலைதானே இஞ்சை வந்தனீர்?

றோட்டுக்குக் கட்டுறது எங்களுக்குப் புதிசில்லை. 1848இலை வெள்ளைக்காரன் சட்டம் போட்டவன்: 18 தொடக்கம் 55 வயது ஆம்பிளையள் வருசத்துக்கு ஆறு நாள் றோட்டு வேலை செய்யவேணும், இல்லாட்டி மூண்டு சிலிங் கட்டவேணும். 2002இலை ஏ9 கண்டி வீதியைத் திரும்பத் திறந்தாப்பிறகு புலிகளும் சாமானுக்கு வரி எடுத்தவை. கட்டிப் பழகின கை எங்கடை.

தெற்கிலை 2011இலை திறந்த அதிவேகப்பாதை யப்பானிட்டையும் ஆசிய அபிவிருத்தி வங்கியிட்டையும் கடன் வாங்கிக் கட்டினது. மத்திய அதிவேகப்பாதையின்ரை கடவத்தை–மீரிகமைத் துண்டு சீனக் கடன். 2022இலை நாடு வங்குரோத்தாக, அந்த வேலையும் அப்ப நிண்டுபோச்சு. அதாலைதான் தனியார் எண்டவுடனை எல்லாருக்கும் வாயூறுது. ஆனால் மத்திய அதிவேகப்பாதைத் திட்டம் யாழ்ப்பாணத்துக்கு வராமல் தம்புள்ளையோடையல்லோ நிக்குது? முதலாளி வாறது சனத்துக்காக இல்லை, வாகனத்துக்காக. கண்டி வீதியிலை முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிக்கிற வாகனங்களை எண்ணிப்போட்டு அவர் திரும்பி ஓடிப்போடுவார். ஓடாமல் நிண்டாரெண்டால், "இத்தினை வாகனம் வராட்டி மிச்சத்தை அரசாங்கம் தரும்" எண்டு எழுதி வாங்கியிருப்பார். அந்த மிச்சத்தை ஆர் கட்டுறது? சவுக்காரக் கட்டிக்கும் வரி கட்டுற நான். அதிவேகப்பாதையை ஒருநாளும் மிதியாத சைக்கிள்காரன்!

எண்டாலும் உம்மடை ஆசையைக் கெடுப்பானேன்? அமைச்சர் அடிக்கல் நட வந்தால் மாலை போடும், படமும் எடும். அதோடை, ஒப்பந்தத்தைத் தமிழிலையும் வெளியிடச் சொல்லிக் கேளும். வெளியிட்டால், வாகனம் வராட்டி நட்டம் ஆற்றை தலையிலை எண்ட பக்கத்தை முதல்லை வாசியும்.