மேசை நிறையக் காசு

நாணயக் கண்காட்சியில் முதன்முறையாக மேசை பிடித்திருக்கிறீர்களா? வாழ்த்துகள். முந்தின இரவே பாட்டி காலத்துச் செப்புக் காலணாக்களைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கிவிடுங்கள். விலை படுத்துவிடும், அதனாலென்ன, பார்க்க லட்சணமாக இருக்குமே! ராமர் பட்டாபிஷேகம் பொறித்த '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' அரையணாவை நடுநாயகமாக வையுங்கள். கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை என்று எவராவது கிழவர் சொல்வார், பொறாமை. 2012-இல் வந்த வைஷ்ணோதேவி ஐந்து ரூபாய்க்கு ஒரு லட்சம், 786 நோட்டுக்கு இன்னொரு லட்சம். (வாட்ஸ்அப்பில் வந்த விலைப்பட்டியலை லேமினேட் செய்து மாட்டினால் கூடுதல் கம்பீரம்.)

எல்லாம் சரி, முதல் வாடிக்கையாளர் பத்து ரூபாய்ச் சாமானுக்கு ஐந்நூறை நீட்டுவார். சில்லறை எடுத்துப்போக மறந்துவிடாதீர்கள்.