வானத்துக்குக் காவல்

அன்னூர் வட்டாரத்துக் கோயில்களில் நவக்கிரகங்களைச் சுற்றுவோருக்குப் பஞ்சமில்லை. அசல் சனியைத் தொலைநோக்கியில் படம்பிடிப்பவரைத்தான் ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். தெருவிளக்கு கெடுக்கிறது என்று அவர் புலம்புவதிலும் பாதிதான் நியாயம். வியாழனும் சனியும் விளக்குக்கு அஞ்சுவதில்லை. அவற்றைக் குலைப்பது காற்றின் நடுக்கம். அதனால்தான் வீடியோவாக எடுத்து, ஆயிரக்கணக்கான படங்களை நெல் புடைப்பதுபோலப் புடைத்து, தெளிந்தவற்றை மட்டும் அடுக்குகிறார்கள். வால்நட்சத்திரம் வேறு ரகம். மங்கலானது, பெரும்பாலும் அடிவானத்தை ஒட்டியே நிற்கும். ஒரு ஹைமாஸ்ட் விளக்கு போதும், வால் காணாமல் போகும். வெளிச்சமில்லாவிட்டால் திருட்டுப் பயம் என்பார்கள். உண்மைதான், ஆனால் திருடன் தரையில்தானே வருகிறான், விளக்கு எதற்கு வானத்தைக் காவல் காக்கிறது? மேலே ஒரு மூடி போதுமே. 2024 அக்டோபரில் சுசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் மாலை மேற்கில் தெரிந்தபோதோ, வடகிழக்குப் பருவமழையும் கூடவே வந்துவிட்டது. அதற்கு யாரிடம் மனுக் கொடுப்பது?