ஐந்து கோடும் ஆறு கம்பியும்

கிட்டாருக்கு நொட்டேஷன் எதற்கு? பால் மெக்கார்ட்னிக்குத் தெரியாது; ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கும் தெரியாது. இதைக் கேள்விப்பட்ட அன்றே என் அக்கா மகன் அவர்களின் தகுதியில் பாதியைப் பெற்றுவிட்டான். மிச்சம், கிட்டார் வாசிப்பது மட்டுமே.

நியாயம்தானே! நொட்டேஷனின் ஐந்து கோட்டில் ஆறு கம்பியை அடக்க முடியுமா? டேப் (டேப்லேச்சர்) எனும் கிட்டார் குறியீடு என்றால் கம்பிக்கொரு கோடு, விரல் வைக்க ஓர் எண். எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும்? அது கேட்பவரின் பொறுமையைப் பொறுத்தது.

அடுத்து ட்யூனர் செயலியைத் துறந்தான். ஹென்ட்ரிக்ஸ் செல்போனா வைத்திருந்தார்? பிறகு பயிற்சியையும் துறந்தான். ஞானம் முற்றிக்கொண்டே போனது.

நேற்றிரவு சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டான். அபாரம். காலையில் மறந்துவிட்டது. 1965-இல் மெக்கார்ட்னியின் ‘யெஸ்டர்டே’ பாட்டின் வயலின்களுக்கு நொட்டேஷன் எழுத ஜார்ஜ் மார்ட்டின் இருந்தாராம். இப்போது ஆள் தேடுகிறான்: எழுதத் தெரிந்தவர், சம்பளம் கேட்கத் தெரியாதவர்.