ஹெல்மெட் போட்ட கங்காணி

கொழும்பு ஹோட்டல் மேடைகளில் நிதிக் கம்பனிக்காரர்கள் "புத்தாக்கம்", "பெறுமதி உருவாக்கம்" என்று முழங்குகிறார்கள். அதைக் கண்ணால் பார்க்க ஆசையா? தவணை நாளில் டிக்கோயாப் பக்கம் ஒரு லயத்து வாசலுக்கு வாருங்கள்.

மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, நுண்கடன் வசூலிக்க வந்த தம்பி, கடன் வாங்கிய ஐந்து பேர் குழுவில் ஆள் எண்ணுவார்.

"நாலு பேர்தான் இருக்கீங்க. அந்த அக்கா எங்க?"

அக்கா பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள்.

"அவங்க கட்டாட்டி நீங்க நாலு பேரும் போட்டுக் கட்டுங்க. கணக்கு முடியாம நான் போக மாட்டேன்."

ஒருத்தி காதுத் தோட்டைத் தடவிப் பார்க்கிறாள். இன்னொருத்தி, ஒளிந்திருப்பவளை அவள் தாயோடு சேர்த்து ஏசுகிறாள். பழைய வட்டிக்காரன் மடையன். அடியாளுக்குச் சம்பளம் கொடுத்தான். பக்கத்துக் காம்பராக்காரியே சம்பளமில்லாத அடியாள் என்று கண்டுபிடித்தவரல்லவா மேதை! பங்களாதேஷில் யூனுஸ் வளர்த்த குழுக்கடன் 2006இல் நொபெல் பரிசு வாங்கியது. மலையேறும்போது பரிசை இறக்கி வைத்துவிட்டு வசூலை மட்டும் சுமந்து வந்தது.

இதில் புதிது என்ன? எங்கள் பாட்டன்மார் கங்காணியிடம் பட்ட முன்பணக் கடனும் ஒரு சீட்டில்தான் இருந்தது. அதன் பெயர் துண்டு. துண்டிலுள்ள கடனை யாராவது தீர்த்தால்தான் ஆள் தோட்டம் மாறலாம். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். கங்காணி தலைப்பாகையைக் கழற்றினான். ஹெல்மெட் வாங்கப் போயிருந்தான் போலும்.

பெறுமதியையும் எண்ணிப் பார்ப்போம். 50,000 ரூபா கடன், வருஷத்துக்கு 24 வீத வட்டி என்று வையுங்கள். அசல் குறையக் குறைய வட்டி குறையாது. 52 கிழமையில் 62,000 கட்ட வேண்டும். கிழமைக்கு ஏறக்குறைய 1,192. முதல் கிழமையிலிருந்தே அசல் திரும்பிப் போவதால், உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டும். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350. அந்தக் கணக்கில், கிழமையில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், கம்பனிக்கு. கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்தால் இரண்டு நாள் போச்சு. இவர்கள் உருவாக்கும் பெறுமதி எங்கள் பெண்களின் முதுகுக் கூடையிலிருந்து பறிபடுகிறது.

2018இல் வந்த ஐ.நா. நிபுணர் பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி சில இடங்களில் 220 வீதம் வரை போவதாகச் சொன்னார். வசூலிக்க வருகிறவர்கள் சிலர் பெண்களின் உடம்பையே கேட்பதையும் சொன்னார். அதே வருஷம் அரசாங்கம் இரக்கப்பட்டு, வறட்சி கண்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் வரையான கடனைத் தள்ளியது. வடக்கு, கிழக்கு, வடமத்தி, வடமேல் எல்லாம் பட்டியலில் இருந்தன. டிக்கோயாவில் மழை பெய்தது எங்கள் பெண்கள் செய்த குற்றம். மத்திய வங்கியும் தன் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்று வேலி போட்டது. ஆட்டைக் காக்கும் வேலி அல்ல, ஓநாய் எவ்வளவு தின்னலாம் என்று அளந்து கொடுத்த வேலி அது.

2021 மார்ச் 8இல் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தார்கள். தனித்தனியாக ஒளிந்தவர்கள் ஒன்றாகத் தெருவில் இருந்தார்கள்.

அக்காமாரே, தங்கச்சிமாரே, ஐந்து பேரை ஒரு குழுவாகக் கட்டியது அவர்கள். ஒருத்தி ஒளிந்தால் அவளை ஏசாதீர்கள். ஐந்து பேருமாக வாசலில் நின்று, முதலில் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.