ஆடுநாற்காலி: ஓர் இலக்கண விசாரணை

நான்கு கால் உடையது நாற்காலி. ஆட்டுக்கும் நான்கு கால். ஆகவே ஆடு ஒரு நாற்காலி. இவ்வளவு எளிய உண்மையை ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளாதது வியப்பே (காண்க: முந்தைய மூன்று வாக்கியங்கள்).

இதைச் செய்முறையில் நிறுவியவர் பிரெஞ்சுச் சிற்பி ஃபிரான்சுவா-சேவியர் லாலான். 1966இல் பாரிஸ் கண்காட்சி ஒன்றில் கம்பளித்தோல் போர்த்திய 24 செம்மறிகளை மந்தையாக ஓட்டிவந்து நிறுத்தினார். 'ஓட்டிவந்து' என்பது வெறும் உயர்வு நவிற்சி அன்று. அவற்றின் கால்களில் உருளைகள் உண்டு. சில ஆடுகளுக்குத் தலை இருந்தது. மற்றவை தலையைத் துறந்து முழுநேர இருக்கைகளாகிவிட்டன. ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சென் லோரான் தம் ஆடுகளை நூலக அறையில் நிறுத்தியிருந்தார். நூலகத்தில் நுனிப்புல் மேய்வது அறிஞர்களுக்கு மட்டுமே உரிய பழக்கம் அன்று என்பதற்கு இது சான்று.

இனி முதன்மைச் சிக்கல். 'ஆடுநாற்காலி' என்ன தொகை? ஆடிய, ஆடுகின்ற, ஆடும் நாற்காலி என்று விரித்தால் வினைத்தொகை. ஆடாகிய நாற்காலி என்றால் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. உருளை வைத்த ஆடு, உட்கார்ந்தால் நகரும். ஆகவே இரு கட்சிக்கும் வெற்றி, இரு கட்சிக்கும் வருத்தம். மூன்றாம் கட்சி ஒன்று உண்டு: முக்காலமும் காட்டுவது முக்காலிதானே, நாற்காலி எப்படி ஆகும்? நான்காம் கட்சி இன்னும் கடுமையானது. ஆட்டுக்கறி, ஆட்டுக்கால், ஆட்டுத்தொட்டி என்று எங்கும் இரட்டிக்கும் டகரம், நாற்காலி என்றதும் ஏன் ஒற்றையாய் நிற்கிறது? கறி உயிரோடு இல்லை, நாற்காலியும் உயிரோடு இல்லை (காண்க: பத்தி 1, அதை வழிமொழியும் பத்தி 2).

இதைத் தீர்க்க இரண்டு நாள் கருத்தரங்கு வேண்டும். முதல் நாள் வரவேற்புரை. இரண்டாம் நாள் நன்றியுரை. இடையில் மட்டன் பிரியாணி, ஆய்வுப்பொருளோடு அறிஞர்கள் நேரடியாகத் தொடர்பு கொள்வது அப்போதுதான் (காண்க: பத்தி 3, பத்தி 3-க்கு ஆதாரமான பத்தி 1, இரண்டையும் மறுக்கவிருந்து, பதவி உயர்வு கிடைத்ததும் கைவிடப்பட்ட பத்தி 8, எழுதப்படாத திருத்திய பதிப்பு).

லாலான் பட்டறையின் பிற விலங்குகள். நீர்யானை: குளியல் தொட்டி, கைகழுவ வாய்க்குள் தனித் தொட்டி. ஈ: உள்ளே கழிப்பிடம். முதலை: லாலானின் மனைவி கிளோட் என்பவரின் துறை, தனி ஆய்வேடு வேண்டும். காண்டாமிருகம்: 1964இல் செய்த பித்தளை எழுதுமேசை; விலாவைத் திறந்தால் எழுதலாம். 2023இல் பாரிஸ் ஏலத்தில் 1 கோடியே 83 லட்சம் யூரோவுக்குப் போனது. அதன்மேல் வைத்து எழுதத் தகுந்தது காசோலை மட்டுமே.

எல்லாம் நம்மிடமிருந்து போனவையே என்று சொல்லாமல் ஆய்வு முடியாது. அரி என்றால் சிங்கம், அணை என்றால் இருக்கை, ஆகவே அரியணை. இங்கே நிறுத்திக்கொள்வது நல்லது. தொடர்ந்தால் எகிப்திய மன்னன் துட்டன்காமுன் கல்லறை குறுக்கே வரும். 1922இல் கண்டறிந்த அக்கல்லறையில் பசு, சிங்கம், நீர்யானைத் தலையுள்ள விசித்திர உரு என மூன்று பொன்முலாம் பூசிய கட்டில்கள் கிடைத்தன. பசுத் தெய்வம் மெஹெத்வெரெத்தின் பெயர் சிங்கக் கட்டிலில் எழுதியிருக்கிறது. அடிக்குறிப்பு மாறிப்போகும் மரபுக்கு வயது 3300 ஆண்டுக்கு மேல்.

லாலான் இளமையில் லூவர் அருங்காட்சியகத்தில் காவலராக இருந்தவர். நாள் முழுக்க நின்றுகொண்டு, காட்சிப்பொருள் எதிலும் யாரும் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.